மஞ்சள் பூவுக்கு வழி எழுதினேன்

1975 ஜனவரி 16, வியாழக்கிழமை. காணும் பொங்கல். சென்னை மொத்தமும் கடற்கரைக்குப் போய்க்கொண்டிருந்த நாளில் நான் பாரிமுனையில் திருவண்ணாமலை பஸ்ஸில் ஏறினேன். காலை ஆறு மணி. டிக்கெட் எட்டு ரூபாய் நாற்பது காசு. தூரம் ஏறக்குறைய நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர். பள்ளிக்கூடத்தில் திங்கட்கிழமை வரை விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தேன். ஒரு மாத இதழுக்குப் பயணக் கட்டுரைகள் எழுதிவந்த காலம் அது. மலை சுற்றும் பாதையைப் பற்றி எட்டுப் பக்கம் கேட்டிருந்தார் ஆசிரியர். கூடவே, ஆசிரியப் பயிற்சி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த பத்மாவதியைப் பார்த்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

திண்டிவனம் தாண்டும்வரை சொல்வதற்கு ஒன்றும் இல்லை. செஞ்சிக் கோட்டையின் பாறைகள் கண்ணில் படத் தொடங்கிய இடத்தில் என்ஜினிலிருந்து புகை வந்தது. டிரைவர் வண்டியை ஒரு புளிய மரத்தடியில் ஓரங்கட்டினார். எல்லோரும் இறங்கி நிழலுக்குப் போனார்கள். எதையும் கிட்டப் போய்ப் பார்க்கும் பழக்கம் எனக்கு. டிரைவர் ஒரு சாக்குத் துணியை மடித்து ரேடியேட்டர் மூடியின்மேல் வைத்தார். "தள்ளி நில்லுங்கம்மா, பொங்கும்" என்றார். நான் அரை அடிதான் நகர்ந்தேன். மூடி தெறித்தது. கொதிக்கிற தண்ணீர் என் இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வழிந்தது.

"அப்பவே சொன்னேனேம்மா!" என்று டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். குடத்திலிருந்த தண்ணீரை எல்லாம் என் கையில் கொட்டினார். பஸ்ஸில் வந்த ஒருவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் திருகினார். "மை ஊத்துங்க, கொப்புளம் வராது" என்றார். வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நான் இல்லை. நீல மை வழிந்த கையோடு, பல்லைக் கடித்துக்கொண்டு, கீழ்பென்னாத்தூரைக் கடந்தேன். அண்ணாமலை எப்போது தெரிய ஆரம்பித்தது என்று கேட்டால் எனக்கு ஞாபகம் இல்லை. அந்தப் பயணத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு வந்த இடம் அது.

பத்மாவதியின் வீடு செங்கம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பஸ் நிலையத்திலிருந்து குதிரை வண்டியில் ஒரு ரூபாய் தூரத்தில் இருந்தது. கதவைத் திறந்தவள் முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள்.

"இன்னாடி கௌரி இது? யாரு மை ஊத்தினது? கூறு கெட்டவங்க" என்று சொல்லிக்கொண்டே உள்ளே இழுத்துப் போனாள். மையைக் கழுவினாள். அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடிக் குப்பியை எடுத்தாள். உள்ளே இருந்த எண்ணெய் மாதுளைச் சாற்றின் நிறத்தில் இருந்தது. மயிலிறகால் தொட்டுத் தடவி, மேலே மெல்லிய துணியைச் சுற்றினாள். முதலில் குளிர்ந்தது. கால் மணி நேரத்தில் எரிச்சல் பாதியாகக் குறைந்தது. அன்று மாலை நான் சாப்பிட்டேன், இரவு தூங்கினேன்.

அந்த வீட்டில் மாலைச் சாப்பாடு ஐந்தரை மணிக்கே முடிந்துவிடும். அவர்கள் தமிழ்ச் சமணர்கள். ஊரில் நயினார் வீடு என்பார்கள். பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை. தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார்கள். உருளைக்கிழங்கு, வெங்காயம், கேரட் என்று மண்ணுக்கடியில் விளைவது எதுவும் சமையலறைக்குள் வராது. கிழங்கைப் பிடுங்கினால் செடியும் சாகும், அதோடு மண்ணிலிருக்கும் எத்தனையோ உயிரும் சாகும் என்பது அவர்கள் கணக்கு. பத்மாவதியின் கணவர் தரணேந்திரன் தேரடி அருகில் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருந்தார். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் கொஞ்சம் நெல் நிலமும் இருந்தது. அதிர்ந்து பேசாத மனிதர்.

மறுநாள் காலை திண்டாட்டமாக இருக்கும் என்று பயந்துகொண்டே கட்டை அவிழ்த்தேன். கொப்புளங்கள் இருந்தன, ஆனால் உடையவில்லை, சீழ் இல்லை. காலையில் அந்த வீட்டு வாசலில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். ஒருத்தி காலில் சுடுகஞ்சி கொட்டிக்கொண்டவள். இன்னொருவர் அடி அண்ணாமலையிலிருந்து நடந்தே வந்தவர், ஆறாத புண்ணோடு. தரணேந்திரன் கடைக்குக் கிளம்புமுன் ஒவ்வொருவருக்கும் சின்னக் குப்பியில் எண்ணெய் ஊற்றிக் கொடுத்தார். காசு நீட்டியவரின் கையை மெதுவாகத் தள்ளினார்.

"ஏன் அண்ணா வாங்கறதில்ல?" என்று கேட்டேன்.

"ஔஷத தானம்னு எங்களுக்கு ஒரு கடமை இருக்குங்க டீச்சர். சோறு, மருந்து, படிப்பு, பயமில்லாம இருக்க ஒரு வார்த்தை. இந்த நாலையும் விக்கக் கூடாது. காசு வாங்கிட்டா அது மருந்து இல்ல, சரக்கு ஆயிடும்."

எண்ணெய் எதில் செய்தது என்று கேட்டேன். ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். காய்ந்து சுருண்ட மஞ்சள் பூக்கள். நல்லெண்ணெயில் போட்டு நாற்பது நாள் வெயிலில் வைத்தால் எண்ணெய் இப்படிச் சிவந்துவிடுமாம். மஞ்சள் பூவிலிருந்து சிவப்பு எப்படி வரும்? என்னால் சும்மா இருக்க முடியவில்லை. செடி இங்கே அண்ணாமலையில் இருக்கிறதா என்றேன்.

"இங்க இல்லீங்க. ஜவ்வாது மலை மேல, புல்லுக்காட்டுல. ஞாயித்துக்கெழம போறேன். பூ முடியற சமயம்."

"நானும் வரேன்" என்றேன்.

அவர் மனைவியைப் பார்த்தார். பத்மாவதி சிரித்தாள். "வேணாம்னு சொன்னா விட்டுடுவாளா? விடுதியில வார்டன் பின்னாடியே போயி கேள்வி கேட்டவ."

ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை. விடிவதற்கு முன்பே போளூர் பஸ். முப்பத்தைந்து கிலோமீட்டர், ஒரு மணி நேரம். போளூரில் மலைக்கு ஏறும் பஸ் ஒரு நாளைக்கு இரண்டுதான். ஏழரை மணி பஸ்ஸைப் பிடித்தோம். அதில் எங்களைத் தவிர உப்பு மூட்டைகள், ஒரு தையல் மிஷின், நாலைந்து மலைவாசிகள். வளைவுகளில் ஏற ஏறக் காற்று மாறியது. காதில் அடைப்பு விழுந்து விழுந்து திறந்தது. எந்த நிறுத்தத்தில் இறங்கினோம் என்பதை, எனக்காக மட்டும் எழுதும் இந்த நோட்டில்கூட எழுதப் போவதில்லை. காரணம் பிறகு தெரியும்.

இறங்கிய இடத்தில் பத்துப் பதினைந்து வீடுகள். மண் சுவர், புல் கூரை. தரணேந்திரனைக் கண்டதும் ஒரு பெண் கொல்லையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பெயர் வெள்ளச்சி. என் வயதுதான் இருக்கும், முப்பத்தைந்து. அவளுடைய மாமனார் காலத்திலிருந்தே தரணேந்திரன் வீட்டோடு பழக்கமாம். பூப் பறிக்க வரும்போதெல்லாம் அவர் ஒரு மூட்டை உப்பும் துணியும் கொண்டுவந்து கொடுப்பார். அவள் வழி காட்டுவாள்.

"இந்தம்மா யாருங்க?" என்றாள்.

"நம்ம வீட்டு ஆளு. டீச்சர். கை வெந்துபோச்சு, நம்ம பூவாலதான் ஆறுது. பூவப் பாக்கணுமாம்."

வெள்ளச்சி என் கையைத் திருப்பிப் பார்த்தாள். "மாட்டுக்குக் கொம்பு குத்தினாக்கூட நாங்க இந்தத் தழையத்தான் அரைச்சு வெப்போம். ஆளுக்கு ஆறாம இருக்குமா?" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

ஒன்றரை மணி நேர ஏற்றம். முதலில் மரக்காடு, பிறகு பாறை, பிறகு சட்டென்று மரங்கள் நின்றுவிட்டன. அதற்கு மேல் புல் மட்டும். இடுப்பளவு புல், பனி இன்னும் காயாமல், காற்றடிக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து வெள்ளையாகத் திரும்பியது. அந்தச் சரிவு முழுக்க, புல்லுக்கு நடுவில், மார்பளவு உயரத்தில் புதர்கள். ஒவ்வொன்றிலும் நூறு பூ இருக்கும். ஐந்து இதழ்கள், நடுவில் தூரிகை போல நிறைய மகரந்தத் தாள்கள். எங்கள் வீட்டுப் பக்கம் ஆவாரம்பூ பார்த்திருக்கிறேன், சரக்கொன்றை பார்த்திருக்கிறேன். இந்த மஞ்சள் அவற்றைவிட அடர்த்தி. பட்டுப் புடவையின் சரிகை வெயிலில் காட்டும் நிறம். புதர்கள் எத்தனை என்று எண்ணப் பார்த்து, முந்நூறுக்குமேல் விட்டுவிட்டேன்.

"ஒரு மொக்கக் கிள்ளி நசுக்குங்க" என்றார் தரணேந்திரன். நசுக்கினேன். விரல் நுனி சிவந்தது.

அவர் பறிக்கும் விதத்தை ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். மலர்ந்த பூவை மட்டும் எடுத்தார், மொட்டைத் தொடவில்லை. ஒரு கிளையில் எடுத்தால் அடுத்த கிளையை விட்டார். பூவை உதறி, உள்ளே பூச்சி இல்லை என்று பார்த்தபின்தான் துணிப்பையில் போட்டார். வேரில் மருந்து இருக்கிறதா என்று கேட்டேன்.

"ஜாஸ்தி இருக்குன்னு சொல்வாங்க. எங்க அப்பா தொட்டதில்ல, நானும் தொடறதில்ல. வேர எடுத்துட்டா அடுத்த வருஷம் எதுக்கு இங்க வரது?"

மதியம் வெள்ளச்சி வீட்டில் சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் சாப்பிட்டேன். தரணேந்திரன் கட்டிக்கொண்டு வந்ததைத் தின்றார். கீழே இறங்கும் பஸ் இரண்டு மணி நேரம் தாமதம். போளூர் வருவதற்குள் இருட்டிவிட்டது. எனக்கு இட்லி வாங்கிக் கொடுத்துவிட்டு அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் எதிரில் உட்கார்ந்திருந்தார். திருவண்ணாமலை பஸ்ஸில் நான் என் குறிப்பு நோட்டை எடுத்து, மறக்குமுன் எழுத ஆரம்பித்தேன். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதையும் எழுதுவீங்களா டீச்சர்?"

"எழுதாம இருக்க முடியுமா அண்ணா? எத்தன பேருக்கு உபயோகமா இருக்கும்!"

"மருந்தப் பத்தி எழுதுங்க. எண்ணெ போடற விதத்தையும் எழுதுங்க. எடம் மட்டும் வேணாம்."

"சரிங்க அண்ணா" என்றேன். யோசிக்காமல்தான் சொன்னேன். ஆனால் சொன்னேன்.

சென்னைக்குத் திரும்பி எழுத உட்கார்ந்தபோது, சனிக்கிழமை நான் நடந்த மலை சுற்றும் பாதை இரண்டு பக்கத்தில் முடிந்துவிட்டது. மிச்சம் ஆறு பக்கமும் பூதான். முதல் பிரதியில் இடம் இல்லை. 'மலைமேல் ஓர் ஊர்', 'ஒரு சரிவு' என்று எழுதியிருந்தேன். ஆசிரியர் படித்துவிட்டு, "உங்க கட்டுரையோட பலமே வழிதானே? படிக்கறவன் கையில எடுத்துட்டுப் போற மாதிரி இருக்கணும். இது கனவு கண்ட மாதிரி இருக்கு" என்றார். அவர் சொன்னது எனக்கு உறைத்தது. பெண்பிள்ளை தனியாக எங்கே போயிருக்கப் போகிறாள், கேட்டதை எழுதுகிறாள் என்று சிலர் பேசுவது என் காதுக்கும் வந்திருந்தது. நான் போனேன், கண்ணால் பார்த்தேன் என்று நிரூபிக்க வேண்டும் என்ற வீம்பு. இரண்டாம் பிரதியில் எல்லாவற்றையும் எழுதினேன். பஸ் நேரம், நிறுத்தத்தின் பெயர், வெள்ளச்சியின் பெயர், எந்த மரத்தில் இடதுபக்கம் திரும்ப வேண்டும், ஓடையை எங்கே தாண்ட வேண்டும் என்று எல்லாம். வேரில் மருந்து அதிகம் என்று அவர் சொன்னதைக்கூட ஒரு வரியாகச் சேர்த்தேன். அவர் அதற்கு அடுத்துச் சொன்னதையும் எழுதினேன். ஆனால் அதைப் படித்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியாது.

கட்டுரைக்கு நல்ல பெயர். நாற்பது கடிதங்களுக்குமேல் வந்தன. இதழின் ஒரு பிரதியைத் திருவண்ணாமலைக்கு அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்துத் தரணேந்திரனிடமிருந்து ஒரு தபால் கார்டு வந்தது. 'கட்டுரை கிடைத்தது. கை எப்படி இருக்கிறது? தழும்பில் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளவும்.' அவ்வளவுதான். திட்டவில்லையே என்று அப்போது நிம்மதியாக இருந்தது.

1983 டிசம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை. பத்மாவதியின் மகளுக்குக் கல்யாணம். முதல் நாள் மாலையே போய்விட்டேன். கீழ்பென்னாத்தூரில் இப்போது நிறைய வேன்கள், சாலையோரம் வரிசையாகக் கடைகள். தீபம் முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஊர் கூட்டம் கலைந்து ஓய்ந்திருந்தது. ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விடும் அறைகள் பெருகியிருந்தன. பத்மாவதிக்குத் தலை பாதி நரைத்துவிட்டது. என்னைக் கட்டிக்கொண்டு, "இந்தக் கல்யாணத்துக்கும் வரலன்னா ஒன்னோட பேசறதில்லன்னு இருந்தேன்" என்றாள்.

கல்யாணத்தன்று பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் விரலில் சாம்பார் கொட்டிவிட்டது. நான் வேகமாக உள்ளே ஓடி அந்த அலமாரியைத் திறந்தேன். குப்பிகள் இல்லை. பாடப் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. பின்னாலேயே வந்த பத்மாவதி, "அதெல்லாம் நிறுத்திட்டோம், கௌரி" என்றாள். கையில் கடையில் வாங்கிய களிம்பு ட்யூப் இருந்தது.

"ஏன்?"

"கல்யாணம் முடியட்டும்" என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் திங்கட்கிழமை காலை, ஜவுளி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, போளூர் பஸ் ஏறினேன். அங்கிருந்து மலைக்கு இப்போது நான்கு பஸ்கள். டிக்கெட் மூன்று ரூபாய். சாலை அகலமாகியிருந்தது. நிறுத்தத்தில் ஒரு டீக்கடை வந்திருந்தது. வெள்ளச்சியின் வீட்டுக்கு ஓடு போட்டிருந்தார்கள். அவள் என்னைப் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொண்டாள்.

"வாங்கம்மா. கை ஆறிச்சா?" என்று கேட்டாள். ஏறக்குறைய ஒன்பது வருஷத்துக்குப் பிறகு, முதல் வார்த்தையாக.

பூவைப் பார்க்க வந்தேன் என்றேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். அதே ஏற்றம், நான் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். மரக்காடு முடிந்தது. பாறை முடிந்தது. புல்வெளி இருந்தது. மஞ்சள் இல்லை.

சரிவு முழுக்கக் குழிகள். மண்வெட்டியால் தோண்டி மூடாமல் விட்ட குழிகள், மழையில் ஒன்றோடொன்று சேர்ந்து வாய்க்காலாகி, செம்மண் சதை போலத் தெரிந்தது. அந்த வாய்க்கால்களின் ஓரங்களில் உண்ணிச்செடி முள்ளோடு மண்டிக்கிடந்தது. நான் ஒவ்வொரு புதராகப் போய்ப் பார்த்தேன். எல்லாம் உண்ணிச்செடிதான். அரை மணி நேரம் தேடியபின் ஒரு பாறையில் உட்கார்ந்தேன். வெள்ளச்சி எதிரில் குந்தினாள்.

"யாரு இப்படிப் பண்ணினது?"

"நாங்கதாம்மா" என்றாள்.

பிறகு சொன்னாள். நான் வந்துபோன அடுத்த வருஷம் பேன்ட் போட்ட ஒருவர் வந்தாராம். கையில் ஒரு புத்தகத்திலிருந்து கிழித்த தாள்கள். அதில் இவள் பெயர் இருக்கிறது என்று படித்துக் காட்டினாராம். அச்சில் தன் பெயரைக் கேட்டது இவளுக்கு அதுவே முதல் தடவை.

"டீச்சர்தான் அனுப்பினாங்கன்னு சொன்னாரும்மா. எங்க ஊட்ல சாமைச் சோறு துன்னீங்கல்ல, அதையும் படிச்சாரு. அவரைக்கொழம்புன்னுகூட சொன்னாரு. நேர்ல பாத்தவங்க சொன்னாத்தானே அது தெரியும்? நாங்க நம்பிட்டோம்."

"நான் அனுப்பல வெள்ளச்சி. அந்த ஆள எனக்குத் தெரியவே தெரியாது."

"அப்பறமா எங்களுக்கும் தோணிச்சு. அதுக்குள்ள ரெண்டு வருஷம் ஆயிப்போச்சு. வேரு கிலோவுக்கு இவ்ளோன்னு குடுத்தாரு. மழை இல்லாத வருஷம் அது. கொல்லையில சாமை வெளையல. ஊரே தோண்டிச்சு. நானும் தோண்டினேன். அந்தக் காசுலதான் ஓடு போட்டது." புல்லைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள். "மூணாவது வருஷம் வந்து பாத்துட்டு, ஒண்ணும் இல்லன்னு போயிட்டாரு. திரும்ப வரல. எங்க மாடு ஒண்ணு கொம்பு குத்தி, வெக்கறதுக்குத் தழை இல்லாம, புழு வெச்சுச் செத்துப்போச்சு."

என்மேல் அவள் கோபப்பட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். அவள் கோபப்படவில்லை. இறங்கும்போது ஈரப் பாறையில் நான் வழுக்கப் போனேன், பிடித்துக்கொண்டாள். பஸ் வரும்வரை நின்றாள்.

"அவருகிட்ட நான் கேட்டேன்னு சொல்லுங்க. நயினாரு இப்பவும் வராரு, எப்பவாச்சும்" என்றாள். பிறகு, சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டவள் போல உதட்டை மடித்துக்கொண்டாள். அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

திருவண்ணாமலைக்கு நான்கரை மணிக்கு வந்து சேர்ந்தேன். சேலையின் கீழ்ப்பக்கம் முழுக்கச் செம்மண். பத்மாவதி அதைப் பார்த்துவிட்டு, "எந்த ஜவுளிக் கடையில இந்த மண்ணு?" என்றாள். நான் அழுதுவிட்டேன். தரணேந்திரன் கூடத்தில் கல்யாணப் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ஒரு பாயை விரித்து, உட்காரச் சொன்னார்.

"நீங்க வேணாம்னு சொன்னீங்க. நான் சரின்னு சொன்னேன். சொல்லிட்டு எழுதினேன். எட்டு வருஷமா ஒரு வார்த்த கேக்கல நீங்க. ஏன் கேக்கல அண்ணா?"

பத்மாவதிதான் பேசினாள்.

"கேட்டா இன்னா ஆவும், கௌரி? அச்சான புத்தகத்த வாபஸ் வாங்க முடியுமா? அவங்க தோண்டின வருஷம் இவரு மல ஏறிட்டு வந்து மூணு நாள் சாப்பிடல. நான்தான் ஒனக்குக் கடுதாசி எழுதப் போனேன். இவரு பேனாவப் புடுங்கிட்டாரு. 'அவங்க நல்லதுக்குத்தான் எழுதினாங்க, மனசு ஒடஞ்சிடும்'னாரு. எனக்கு ஆத்திரம்தான். இப்பவும் கொஞ்சம் இருக்கு. நீ என் சிநேகிதி, அதனால சொல்றேன். காலைல வாசல்ல வந்து நின்னவங்கள நான்தானே திருப்பி அனுப்பினேன். ஒரு பொம்பள கைக்கொழந்தையோட வந்தா, கொழந்தைக்கு முதுகு வெந்திருந்தது. இல்லம்மான்னு சொன்னேன். அந்த மூஞ்சிய நீ பாக்கல."

நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். அந்த வார்த்தைகள் எனக்கு வேண்டியிருந்தன.

தரணேந்திரன் மெதுவாகச் சொன்னார்: "தோண்டினவங்க பசிக்குத் தோண்டினாங்க. வாங்கினவன் லாபத்துக்கு வாங்கினான். நீங்க பேருக்கு எழுதினீங்க. நானும் என் வாய அடக்கியிருக்கணும். வேருல ஜாஸ்தி இருக்குன்னு ஒங்ககிட்ட சொன்னது நான்தானே? ஆளுக்குக் கொஞ்சம் பங்கு இருக்குங்க."

"இப்ப நான் இன்னா செய்யணும், சொல்லுங்க."

"இன்னும் வேன் போட்டுட்டு ஆளுங்க வராங்க டீச்சர். வருஷத்துக்கு ரெண்டு தடவையாச்சும். பழைய புத்தகத்த எங்கயோ படிச்சிட்டு, கடையில வந்து வழி கேக்கறாங்க. நீங்க எழுதினா நம்புவாங்க. அந்தச் சரிவுல ஒரு செடி இல்லன்னு எழுதுங்க. இன்னைக்கு உங்க கண்ணாலயே பாத்தீங்க. அது சத்தியம்."

"எழுதறேன்" என்றேன். உடனே கேட்டேன்: "வேற எங்கயாவது இருக்கா, அண்ணா? ஒரு செடியாவது?"

அவர் கண் ஜன்னல் பக்கம் போனது. வெயில் மலையின் மேல் விளிம்பில் மட்டும் மிச்சமிருந்தது. பத்மாவதி எழுந்து, "பொழுது சாயுது, எல வெக்கறேன்" என்று உள்ளே போய்விட்டாள்.

"டீச்சர், நான் பொய் சொல்றதில்லன்னு ஒரு விரதம் வெச்சிருக்கேன்" என்றார். "அதனால, தயவு பண்ணி அதக் கேக்காதீங்க."

அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு செய்திகள் இருந்தன. ஜவ்வாது மலையில் எங்கோ ஒரு மடிப்பில் அந்தப் பூ இன்னும் பூக்கிறது. அவருக்குத் தெரியும், வெள்ளச்சிக்குத் தெரியும். பறிக்காமல், எண்ணெய் போடாமல், அது பெருகட்டும் என்று காத்திருக்கிறார்கள். இரண்டாவது, அதை எனக்குச் சொல்ல மாட்டார்கள். முதல் செய்தியில் வந்த சந்தோஷத்தை இரண்டாவது பாதியிலேயே நிறுத்தியது. அவர் வீட்டில் அவர் மனைவிக்கு அடுத்தபடி நான்தான் நெருக்கம் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று இலை போட்டார்கள். சாப்பிட உட்கார்ந்தோம். தயிர் சாதத்துக்கு நெல்லிக்காய் ஊறுகாயைப் பத்மாவதியே எடுத்து என் இலையில் வைத்தாள்.

டிசம்பர் 6, செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி பஸ். தரணேந்திரன் கடைக்குப் போகும் வழியில் பஸ் நிலையம் வரை வந்து, என் பையை ஏற்றிவிட்டார். "அடுத்த லீவுக்கு வாங்க. பத்மா ஒங்களத்தான் பேசிட்டிருப்பா" என்றார். அது உபசாரத்துக்குச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. வரச் சொல்கிறார், வருவேன். அந்த வீட்டில் எனக்கு எல்லா அறைகளும் திறந்திருக்கும், ஒன்றைத் தவிர. அந்த ஒன்றுக்குச் சாவி கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

வாக்குக் கொடுத்தபடி இதழுக்கு நான் எழுதி அனுப்பியது இவ்வளவுதான்: பழைய கட்டுரையில் நான் வழி சொன்ன சரிவில் 1983 டிசம்பர் 5ஆம் தேதி ஒரு மஞ்சள் பூச்செடிகூட இல்லை. நானே நடந்து பார்த்தேன். குழிகளும் உண்ணிச்செடியும்தான் இருக்கின்றன. அந்தத் தாள்களை வைத்திருப்பவர்கள் கிழித்துப் போட்டுவிடலாம். அதைத் தாண்டி எனக்கு எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் முயலவில்லை.

பஸ் ஊர் எல்லையைத் தாண்டியது. இந்த முறை மலை பின்னால் போவதை ஜன்னல் வழியே கடைசிவரை பார்த்தேன். பக்கத்து இருக்கையில் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர், ஏதோ அலுவலகத்தில் ஓய்வு பெற்றவராம். பேச்சுத் துணை தேடிக்கொண்டிருந்தார். என் செருப்பில் காய்ந்திருந்த செம்மண்ணைப் பார்த்தார்.

"மலப் பக்கம் போயிட்டு வரீங்களா? ஜவ்வாது மலை மேல எடமெல்லாம் ரொம்ப நல்லா இருக்கும்னு சொல்றாங்களே. பாத்தீங்களா? எப்பிடிப் போறது?"

பதினைந்து வருஷமாக முன்பின் தெரியாதவர்களுக்கு வழி சொல்லிச் சொல்லியே பெயர் வாங்கியவள் நான். வாய்வரை வந்தது, பஸ் நேரம் உட்பட.

"சிநேகிதி மகள் கல்யாணத்துக்கு வந்தேன்" என்றேன். "கல்யாணம் நல்லா நடந்துது."